செல்லப்பன் கிணற்றைப் பற்றி நீ சொன்னது

அம்மிணி,

நீ இதைப் படிக்கும்போது உனக்கு முன்னால் ஊரே படித்திருக்கும். நீ எழுதும் ஒவ்வொரு கட்டுரையையும் அச்சுக்குப் போகும் முன் எனக்கு அனுப்பிவைத்த பிள்ளை. நானோ வாழ்க்கையில் முதன்முதலாக எழுதிய இந்த ஒன்றை உனக்குக் காட்டாமலே பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டேன். காட்டியிருந்தால், "வேண்டாங்கப்பா, உட்ருங்க" என்று சொல்லியிருப்பாய். மூன்று மாதமாக நீ அதைத்தானே செய்துகொண்டிருக்கிறாய். டிவிக்காரர்கள் என்னைப் பற்றிக் கேட்டார்கள், "எங்கப்பா சொன்னதுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன்" என்று முடித்துக்கொண்டாய். நீர்ப்பாசனத்துக்கு அரசாங்கம் போட்ட குழுவிலிருந்து பேசாமல் விலகிக்கொண்டாய். நான் உன்னைப் பொய்க்காரி என்றது மைக்கில், மண்டபம் நிறைய ஆட்கள் இருக்கும்போது. உண்மையை மட்டும் போனில் உன் காதோடு சொன்னால் அது என்ன நியாயம்? அதனால்தான் இது எல்லோரும் படிக்கிற கடிதம்.

தை மாதம் உன் தம்பிக்குக் கல்யாணம். உனக்குத் தெரியும். பத்திரிகை வாசகர்களில் வெளியூர்க்காரர்களும் இருப்பார்கள், அவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் மாப்பிள்ளை வீட்டில் இணைச்சீர் என்று ஒரு சீர் உண்டு. மாப்பிள்ளையோடு கூடப்பிறந்தவள் பட்டுக் கட்டி, நகை போட்டு, கல்யாணப் பெண்ணுக்குக் குறையாத அலங்காரத்தோடு, கூறைச்சேலை வைத்த மூங்கில் பேழையை ஏந்தி அவன் பக்கத்தில் நிற்க வேண்டும். இந்த வீட்டில் இவளுக்கும் பாத்தியம் உண்டு என்று சபைக்குச் சொல்கிற சீர் அது. போன வாரம் கல்யாணப் பேச்சுக்காக உறவுக்காரர்கள் நம் வீட்டில் கூடியிருந்தார்கள். "பெரியவ வருவாளோ மாட்டாளோ, எதுக்கு வம்பு? சித்தப்பன் புள்ளைய நிறுத்திக்கலாமுங்க" என்று ஒருவர் ஆரம்பித்தார். நான் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாம்பாருக்கு உப்பு போதுமா என்று கேட்டால் ஆட்டுவேனே, அதே மாதிரி.

உன் தம்பியை உனக்குத் தெரியும். ஏழு வார்த்தை பேச வேண்டிய இடத்தில் இரண்டு பேசுகிறவன். அவன் எழுந்து நின்றான். "அக்கா இல்லீன்னா எனக்கு அந்தச் சீரே வேண்டாம். அக்கா ஏன் வல்லீன்னு சபையில கேப்பாங்க. அப்பா எந்திரிச்சுப் பதில் சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான். உன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "காதுல உழுந்துச்சுங்களா?" என்றாள். விழுந்தது.

உன் விஷயத்தில் நான் செய்த முதல் தப்பு இதுவல்ல. உன்னை டாக்டராக்க வேண்டும் என்று நாமக்கல் பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் தள்ளினேன். காலை நாலரைக்கு எழுப்பிப் படிக்கவைக்கிற பள்ளி. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம். நாங்கள் எடுத்துப்போன கோழிக் குழம்பை நீ வேப்பமரத்தடியில் ஒரு வார்த்தை பேசாமல் தின்றுகொண்டே இருப்பாய். மார்க் வந்தது, ஊரே மெச்சியது. அப்புறம் நீ, "எனக்கு எக்கனாமிக்ஸ்தானுங்கப்பா படிக்கோணும்" என்றாய். அது என்ன படிப்பு என்று எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றை எதிர்ப்பதற்குத்தான் மனுஷனுக்கு அதிக தைரியம் வருகிறது. நாலு மாதம் உன்னிடம் பேசவில்லை. நீ சென்னைக்கு ரயில் ஏறிய அன்று, ஓமலூரில் ஒரு சோலி இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போய்விட்டேன். ஓமலூரில் எனக்கு அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி, ஒரு சோலியும் கிடையாது. அங்கே பஸ் ஸ்டாண்டில் மூன்று டீ குடித்தேன். உன் அம்மாதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சூரமங்கலம் ஸ்டேஷனில் உன்னை வண்டி ஏற்றிவிட்டு, டவுன் பஸ்ஸில் தனியாக அழுதுகொண்டே திரும்பினாள்.

சென்னை, அப்புறம் டெல்லி, அப்புறம் நான் வாயில் நுழையாமல் வருஷக்கணக்கில் தப்பாகவே சொல்லிக்கொண்டிருந்த அந்த வெளிநாட்டு ஊர். அங்கே ஆராய்ச்சி முடித்துப் பெரிய வேலையும் கிடைத்த பிறகு, நீ திரும்பி வந்து காலேஜில் பாடம் நடத்தப் போகிறேன் என்றபோதும் நான் குதித்தேன். என் பேச்சை நீ கேட்காமல் போன ஒவ்வொரு தடவையும் உனக்கு நல்லதுதான் நடந்தது. இதை ஒத்துக்கொள்ள எனக்கு இந்த வயது ஆகியிருக்கிறது.

உன் முதல் கட்டுரை தமிழ்ப் பத்திரிகையில் வந்த அன்று திருச்செங்கோடு பஸ் ஸ்டாண்டில் பத்துப் பிரதி வாங்கினேன். டீக்கடையில் உட்கார்ந்து ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். எல்லோரும் உன் போட்டோவைப் பார்த்தார்கள், "நல்லாருக்குதுங்க" என்றார்கள். ஒருவர்கூட இரண்டாவது பத்தியைத் தாண்டவில்லை. நானும்தான். அன்று சாயங்காலம் மோட்டார் ரூமில் நின்று உனக்குப் போன் செய்து, "நிதிப் பற்றாக்குறைன்னா என்ன சாமி?" என்று கேட்டேன். நீ சிரிக்கவில்லை. நம் வீட்டு மஞ்சள், மாட்டுத் தீவனம் என்று வைத்து விளக்கினாய். கடைசியில், "உங்களுக்குப் புரியலீன்னா நாந்தானுங்கப்பா தப்பா எழுதிருக்கறேன்" என்றாய். அதற்குப் பிறகு எல்லாக் கட்டுரையும் முதலில் என் போனுக்கு வரும். நான் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "மூணாவது பத்தி ஆகாது", "இந்த வார்த்தைய எடுத்துப்போடு", "இங்க ஒரு ஆளைக் காட்டு, வெறும் கணக்கா இருக்குது" என்று சொல்வேன். நீயும் மாற்றுவாய். பெரிய பெரிய ஆட்களெல்லாம் உன் எழுத்து எளிமையாக இருக்கிறது என்று மேடையில் பாராட்டினபோது, நான் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டது உனக்குத் தெரியாது. உன் அம்மாவுக்குத் தெரியும். அவள் அதைச் சொல்லிச் சொல்லி என்னைக் கேலி செய்வாள். டிவியில் நீ வரும்போதோ, "புள்ள இளைச்சுப்போயிட்டா" என்பதைத் தவிர அவள் வேறு எதையும் கவனித்ததில்லை.

இப்போது அந்தக் கிணற்றுக்கு வருகிறேன். எவ்வளவு நேரம்தான் சுற்றிச் சுற்றி வருவது?

நீ எட்டாவது படித்த வருஷம் கடும் கோடை. நம் மஞ்சள் காய்ந்துகொண்டிருந்தது. ஏற்கெனவே போட்ட இரண்டு ஆழ்துளைப் போரிலும் தண்ணீர் இல்லை. மூன்றாவது போர் போட ஆள் வந்து பார்த்து, வடக்கு வேலியோரம் ஒரு இடத்தைக் காட்டினான். அங்கிருந்து பக்கத்துத் தோட்டத்துச் செல்லப்பனின் கிணறு ஒரு கல்லெறி தூரம்கூட இல்லை. அவன் அப்பன் கையால் வெட்டின கிணறு. அதை நம்பி அவனுக்கு ஒண்ணரை ஏக்கர் மரவள்ளி, நாலு மாடு. அவன் ஓடி வந்து, "அண்ணா, இக்கட்டாலயே போடோணுங்களா? தெக்கால கொஞ்சம் தள்ளிப் பாக்கலாமில்லீங்க?" என்று கேட்டான். எனக்கு அது தப்பென்று தெரியும். தெரியாது என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். தெரியும். "என் நெலத்துல நான் போடறேன் செல்லப்பா" என்றேன். துளை போடுகிற ரிக் வண்டி ஒரு பகல் முழுக்கக் கத்தியது, தோட்டமெல்லாம் வெள்ளைப் புழுதி. எழுநூறு அடிக்கு மேலே போய்த் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. நான் சட்டையோடு நனைந்துகொண்டு நின்றேன். கரண்டு இலவசம், எப்போது வருகிறதோ அப்போதெல்லாம் மோட்டார் ஓடியது. அடுத்த கோடைக்குள் செல்லப்பன் கிணற்றில் அடி மண் தெரிந்தது.

நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையைக்கூடக் கழற்றாமல் என்னிடம் கேட்டாய்: "ஏனுங்கப்பா, நம்ம போர்ல தண்ணி வந்ததுக்கப்பறம் அவங்க கெணத்துல ஏன் போயிருச்சு?" நான், "அது வேற ஊத்து, இது வேற ஊத்து சாமி" என்றேன். நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய். செல்லப்பன் மாட்டை விற்றுவிட்டு ரிக் வண்டியில் வேலைக்கு ஏறினான். நான் போட்ட போரால் கிணறு வற்றினவன், வடநாடு பூரா ஊர் ஊராய்ப் போய்ப் போர் போட்டான். உன்னோடு படித்த அவன் மகள் சுமதி, குமாரபாளையத்தில் தறிக்குப் போய்விட்டாள். உன் பெஞ்சில் அவள் இடம் காலியாக இருக்கிறது என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தாய். அப்புறம் சொல்வதை நிறுத்திவிட்டாய். பொருளாதாரம் ஏன் படித்தாய் என்று யாரோ பேட்டியில் கேட்டதற்கு ஒரு பேராசிரியரின் பெயரைச் சொன்னாய். உன் அம்மா அதை நம்பவில்லை. எனக்குத் தெரியாது, உன் மனசு உனக்குத்தான் தெரியும்.

இந்தக் கோடையில் இலவச மின்சாரத்தைப் பற்றியும் நிலத்தடி நீரைப் பற்றியும் எழுதினாய். ஆழமாகப் போர் போட வசதி இருப்பவனுக்கு இலவச மின்சாரம் தண்ணீரைக் கொடுக்கிறது, பக்கத்துக் கிணற்றுக்காரனிடமிருந்து அது தண்ணீரைப் பிடுங்குகிறது என்று எழுதியிருந்தாய். பெயர் சொல்லாமல் ஒரு பெரிய விவசாயியும் ஒரு சின்ன விவசாயியும் அதில் வந்தார்கள். வழக்கம்போல எனக்கு அனுப்பினாய். நான் ஒரே மூச்சில் படித்தேன். ஒரு வார்த்தைகூடப் புரியாமல் போகவில்லை. "எல்லாம் புரியுது, போடு" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வேறு யார் எழுதியிருந்தாலும் நான் அதை மெச்சியிருப்பேன்.

அடுத்த வாரம் டிவி விவாதம். சாயங்காலம் நானும் உன் அம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தோம். எதிரில் இருந்தவர், "ஏசி ரூமில் உட்கார்ந்து எழுதுறீங்க, அப்படி ஒரு தோட்டத்தைக் காட்டுங்க பார்க்கலாம்" என்று உன்னைச் சீண்டினார். நீ, "எங்கப்பாவோட தோட்டம்தான்" என்றாய். உன் அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. முன்னாலேயே என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் நீ. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. போன பிறகு எழுதலாம் என்று காத்திருந்தால் கல்யாணமே முடிந்துவிடும் என்பதால் அது இருக்கும்போதே எழுதுகிறேன்.

மறுநாள் கடைத்தெருவில் என்னை எல்லோரும் ஒரு மாதிரி பார்த்தார்கள். "அண்ணன் ஊட்டுக் கரண்டை அண்ணன் புள்ளயே புடுங்கீருவா போலிருக்குது" என்று ஒருவன் சிரித்தான். அந்த வாரமே ராசிபுரத்தில் விவசாயிகள் கூட்டம் கூட்டினார்கள். என்னைக் கையைப் பிடித்து மேடையில் ஏற்றினார்கள், மைக்கைக் கொடுத்தார்கள். அதற்கு முன் நான் மைக் பிடித்ததே கிடையாது. முன்வரிசையில் எல்லாம் தெரிந்த முகம். "எந்தக் கெணறும் வத்தலீங்க. அப்படி ஒன்னும் நடக்கவே இல்லீங்க. பேரு வாங்கறதுக்கு எம்புள்ள பொய் சொல்றாளுங்க" என்றேன். கைதட்டினார்கள், அம்மிணி. அந்தக் கைதட்டல் நன்றாக இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அதை யாரோ போனில் பிடித்து அனுப்ப, நாடு பூராவும் போய்விட்டது. நீ எந்த விஷயத்தைப் பேசினாலும் "உங்கப்பாவே உங்களை நம்பலையே" என்றார்கள். இருபது வருஷம் நீ கணக்கு எடுத்து, ஊர் ஊராக அலைந்து, வெயிலில் கருகிச் சேர்த்த பேரை நான் இரண்டு நிமிஷத்தில் தொலைத்தேன். நீ நம் போருக்குக் கரண்டு வாங்கின பழைய சர்வீஸ் கார்டை ஒரு போட்டோ எடுத்துப் போட்டிருந்தால் போதும். சுமதியை ஒரு வார்த்தை பேசச் சொல்லியிருந்தால் போதும். செய்யவில்லை. கட்டுரை அனுப்புவதை மட்டும் நிறுத்திக்கொண்டாய். அச்சில் வருவதை வாங்கிப் படிக்கிறேன். நடுநடுவே பழையபடி கடின வார்த்தைகள் தலைகாட்டுகின்றன. போன மாதக் கட்டுரையில் நாலாவது பத்தி எனக்கு விளங்கவே இல்லை, யாரிடம் கேட்பது?

உன் தம்பி எழுந்து போன மறுநாள் கல்யாணத்துக்குச் சொல்ல என்று செல்லப்பன் வீட்டுக்குப் போனேன். அவன் வேலையை விட்டு வந்து நாலு வருஷமாகிறது. ரிக் சத்தத்தில் காது பாதி போய்விட்டது. நாற்காலியைத் துடைத்துப் போட்டான். வெற்றிலைத் தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். எனக்கு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. "செல்லப்பா, நான் அன்னிக்கு மைக்குல பேசினது உன் காதுக்கு வந்திருக்கும்" என்று சத்தமாகச் சொன்னேன்.

"நான் அந்தக் கூட்டத்துல பின்னால உக்காந்திருந்தனுங்கண்ணா" என்றான். "எனக்கு எது கேக்குது? மைக்குல பேசினதால நல்லாக் கேட்டுதுங்க."

அவனே தொடர்ந்தான். "எந்திரிச்சுச் சொல்லலாமுன்னு ஒருக்கா நெனச்சேன். குடிக்கற தண்ணிக்கு நாளைக்கு உங்க தொட்டிக்குத்தானுங்களே வரோணும். பேசாம உக்காந்துட்டேன்." அப்புறம், "உங்க புள்ள டிவில சொன்ன அன்னிக்கு சுமதி போன் பண்ணி அழுதாளுங்க. நமக்கு நடந்தது நடந்ததுன்னு ஒருத்தியாச்சும் சொன்னாளேப்பான்னு அழுதா. நீங்க இல்லீன்னு சொன்னதுக்கப்பறம் அவ அதப் பத்திப் பேசறதே இல்லீங்க" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியும்.

அதனால் எல்லோரும் கேட்டுக்கொள்ளட்டும். கிணறு வற்றியது. போர் என்னுடையது. அது வேற ஊத்து இல்லை. என் மகள் சொன்னது அத்தனையும் உண்மை. பொய் சொன்னது நான். ஊரில் நாலு பேர் சிரிப்பார்கள் என்ற பயத்தில், என்னையே ஏமாற்ற முடியாத ஒரு பொய்யை, பெற்ற பிள்ளையின் தலையில் வைத்தேன்.

இலவச மின்சாரத்தை நிறுத்த வேண்டும் என்று நீ சொன்னால் நான் இன்னும் ஒத்துக்கொள்ள மாட்டேன், அது வேறு கதை. சின்ன விவசாயி செத்துப்போவான், வேறு வழி பார் என்று உன்னோடு கடைசி வரை சண்டை போடுவேன். சண்டை போடும்போது நீ கணக்கு காட்டு, நான் ஆளைக் காட்டுகிறேன். அப்பன் என்ற உரிமையில் உனக்கு ஒரே ஒரு புத்திமதி சொல்கிறேன், கேட்டுக்கொள். சொந்தக்காரன் தப்பு செய்தால் அவனைக் காப்பாற்ற வாயை மூடிக்கொள்ளாதே. மூன்று மாதம் நீ மௌனமாக இருந்தது என் மேல் உள்ள பாசம் என்று எனக்குப் புரிகிறது. ஆனால் நீ பேசாமல் இருந்த ஒவ்வொரு நாளும் சுமதியும் பேசாமல் இருந்திருக்கிறாள். அந்தக் குழுவில் உன் இடம் இன்னும் காலியாக இருந்தால் போய் உட்கார். எனக்காக விட்ட எதையும் விட்டதாக வைத்துக்கொள்ளாதே.

உறவுக்காரர்களிடம் சொல்லியாகிவிட்டது. பேழையை நீதான் ஏந்துகிறாய், வேறு யாரும் கிடையாது. செல்லப்பனும் சுமதியும் முதல் நாளே வருகிறார்கள். உன் மாப்பிள்ளையையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வா. மண்டபத்தில் யாராவது ஒருவர், சோற்றுப் பந்தியிலோ சபையிலோ, "உங்கப்பன் அன்னிக்கு அப்படிச் சொன்னாரே அம்மிணி?" என்று வாயைக் கிண்டுவார்கள். நம் ஆட்களை எனக்குத் தெரியும், கிண்டாமல் இருக்க மாட்டார்கள். அப்போது என்னைப் பார்த்துத் தயங்காதே. "எங்கப்பா பொய் சொல்லிப்போட்டாருங்க" என்று நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி சொல்லு, சாமி. நான் பக்கத்தில்தான் நிற்பேன். "ஆமாங்க" என்று நான் சொல்கிறேன்.

அப்பா